சீலன் அடித்த கோல்

உக்காருங்க சார், இடம் இருக்கு. மூணு பேர் சீட்டுல அஞ்சு பேர் உக்காரலன்னா அது மாரிகுப்பம் வண்டியே இல்ல. பைய மடியில வெச்சிக்கங்க. கேமராவா அதுல? அப்போ மைன்ஸ் பாக்க வந்தவரு. இப்பல்லாம் நெறைய பேர் வர்றாங்க. ஆளுங்க கீழ எறங்கற ஷாஃப்ட்டு முன்னால நின்னு போட்டோ புடிக்கிறாங்க. தங்கம் இன்னும் கீழ இருக்கான்னு கேக்குறாங்க. நீங்களும் அதத்தான் கேக்கப் போறீங்க. இருந்தா இருக்கும் சார். கீழ பூரா தண்ணி ரொம்பிடுச்சி. மேல இருக்கற எங்களுக்கே வழி இல்ல, கீழ இருக்கறதப் பத்தி இன்னா பேச்சு?

சார்னு கூப்பிடறேன்னு சங்கடப்படாதீங்க. வாயில ஊறிப்போச்சி. பெங்களூர்ல அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேன் நான். அங்க ஸ்கூலுக்குப் போற புள்ள கூட சார்தான்.

தங்கத்தப் பத்தி நான் பேசறதில்ல. ஃபுட்பால் பத்திக் கேளுங்க, பெங்களூர் வர வரைக்கும் சொல்றேன். உங்களுக்கு ஆட்டம் தெரியுமா? டீவியில பாப்பீங்க. அது வேற. எங்க ஆட்டம் புல்லு இல்லாத மைதானத்துல. செம்மண்ணு. விழுந்தா முட்டித் தோலு தரையில இருக்கும். அந்தப் பக்கம் சயனைடு மேடு, தங்கம் எடுத்துட்டுக் கொட்டின மண்ணு, மலை மாதிரி வெள்ளையா. காத்து அடிச்சா அந்தத் தூசி மைதானம் பூரா பறக்கும், எதிர்ல வர்றவன் யாருன்னு தெரியாது. ஆனா ஞாயித்துக்கெழமை அந்த மேட்டு மேல கால் வெக்க எடம் இருக்காது சார். பொம்பளைங்க சோறு கட்டிகினு வந்து உக்காந்துகினு இருப்பாங்க. பெரிய மேட்ச்சுன்னா மாதா கோயில்ல சாமியாரே பூசைய சுருக்கமா முடிச்சிடுவாரு.

ஏன் அப்படின்னா, கீழ குனிஞ்சிகினே செய்யற வேலை. ஷிப்டு முடிச்சி மேல வந்தா கண்ணு கூசும். நிமுந்து ஓடணும்னு உடம்பு கேக்கும். வெள்ளக்காரன் காலத்துலயே பந்தக் குடுத்துட்டான். அவன் போயிட்டான், பந்து இருந்திச்சி. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு டீம். லைன்னா தொழிலாளிங்க வீடு, வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டினது. எங்க லைன் டீமுக்கு டைமண்ட் லெவன்னு பேரு. மஞ்சள் ஜெர்சி. நான் அதுல சென்டர் ஹாஃப். அப்புறம் வயசானதும் செகரட்டரி, கோச், பந்துக்குக் காத்து அடிக்கறவன், எல்லாம் நான்தான். மாசிலாமணின்னா தெரியாதவங்க கெடையாது. இப்ப நீங்க போய்க் கேட்டா தெரியாது. கேக்கறதுக்கு ஆளு இல்ல.

என் தம்பி ஜெயசீலன். சீலன்னு கூப்பிடுவோம். அவனப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

எங்க அப்பா ஏர் பிளாஸ்ட்டுல போயிட்டாரு. ஆழத்துல பாறை தானா வெடிக்கும் சார், மேல வீட்டுல பாத்திரம் உருளும், பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட்டப் பாத்து ஓடுவாங்க. அப்படி ஓடினதுல எங்க அம்மாவும் ஒருத்தி. அப்போ சீலன் கைக்குழந்த. நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு கம்பெனியில சேந்தேன். நான்தான் அவன வளத்தேன். நடக்கறதுக்கு முன்னாடி அவன் பந்த ஒதைச்சான்னு நான் சொன்னா என் வீட்டுக்காரி சிரிப்பா. உண்மை சார். செவுத்தப் புடிச்சிகினு நின்னு இடது கால்ல ஒதைப்பான்.

பெரியவனானதும் அவனும் மைன்ஸ்ல சேந்தான், டீம்ல லெஃப்ட் அவுட், இடது ஓரம் ஆடினான். அவன் ஓடறத நீங்க பாக்கல. பந்து அவன் கால்ல இருக்கும், ஆனா அவன் பந்தப் பாக்க மாட்டான். ஓரமா அந்தச் சுண்ணாம்புக் கோட்டு மேலயே ஓடுவான். எதிர் டீம் பேக் ஆளு கால நீட்டுவான், பாத்தா இவன் கார்னர் கொடிகிட்ட நின்னுகினு இருப்பான். மேட்டு மேல இருந்து பொம்பளைங்க ‘சீலா, சீலா’ன்னு கத்துவாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்கும். எந்த அண்ணனுக்கு அந்தக் குடுப்பினை இருக்கும்?

அப்புறம் மைன்ஸ மூடிட்டாங்க. மூடப் போறாங்க மூடப் போறாங்கன்னு பல வருஷமா பேச்சு, யாரும் நம்பல. ஒருநாள் நெஜமாவே மூடிட்டாங்க. ஷிப்டு சங்கு நின்னு போச்சி. எங்க லைன்ல கடிகாரம் யாரு பாத்தாங்க? சங்கு ஊதினா எழுந்திருப்போம், சங்கு ஊதினா சாப்பிடுவோம். சங்கு இல்லாம ஜனங்க கொஞ்ச நாளு பைத்தியம் மாதிரி திரிஞ்சாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா இந்த வண்டியில ஏற ஆரம்பிச்சான். விடியறதுக்கு முன்ன ஏறுவான், இருட்டினப்புறம் எறங்குவான். டீம்ல பிராக்டிஸுக்கு ஆளு கெடையாது. ஞாயித்துக்கெழமை கூட ரெண்டு பேருக்கு டூட்டி இருக்கும்.

அந்த வருஷம்தான் நாங்க துரை கப்புல, வெள்ளக்கார துரை வெச்சிட்டுப் போன கப்பு அது, ஃபைனல் போனோம்.

அந்தக் கப்பு எங்க லைனுக்கு வந்ததே இல்ல சார். எங்க அப்பன் காலத்துலருந்து வந்ததில்ல. பக்கத்து ஸ்டேஷன் சாம்பியன், அங்க இருக்கற யுனைடெட் டீம்காரனுங்கதான் தூக்கிகினு போவானுங்க. போற வழியில வேணும்னே எங்க லைன் வழியா ஊர்வலம் வருவானுங்க. இந்த வருஷம் விட்டா இனிமே டீமே இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால சொல்லல, அவ்வளவுதான்.

செமி ஃபைனல்ல சீலன் ரெண்டு கோலு. அன்னைக்கு ஆட்டம் பாக்க பெங்களூர்லருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. பெரிய ஃபேக்டரி ஒண்ணுக்கு ஃபுட்பால் டீம் இருந்திச்சி, அதுக்கு ஆளு எடுக்கறவரு. ஃபேக்டரி பேரு வேணாம். ஆட்டம் முடிஞ்சதும் சீலன் தோள்ல கை போட்டுத் தனியா கூட்டிகினு போனாரு. வர்ற ஞாயிறு காலையில கிரவுண்டுக்கு வா, எங்க கோச் பாப்பாரு, அன்னைக்கே செலக்‌ஷன் முடிஞ்சிடும், எடுத்தா பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டுன்னாரு.

வர்ற ஞாயிறு சாயங்காலம் எங்க ஃபைனல். காலையில அங்க ஆடிட்டு ஆட்டத்துக்குத் திரும்பி வந்து சேர முடியாது.

சீலன் அவருகிட்ட கேட்டிருக்கான், அடுத்த வாரம் வரட்டுமான்னு. முடியாது தம்பின்னுட்டாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியாது, அவருக்கும் மேல ஆளுங்க இருப்பாங்க.

அவன் வீட்டுக்காரி இஸபெல்லா. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகல, வயித்துல புள்ள. அன்னைக்கு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சி டீ குடுத்தா. குடுத்துட்டுக் கேட்டா.

“மாமா, நீங்களே சொல்லுங்க. அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு. கப்பு பெருசா, வேலை பெருசா?”

நான் இன்னா சொன்னேன் தெரியுமா சார்? “நான் யாரும்மா சொல்றதுக்கு? உன் புருஷன், உங்க குடும்பம். நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கங்க”ன்னேன். சீலன் தலைய குனிஞ்சிகினு உக்காந்திருந்தான். நான் டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லல. அம்மா மேல ஆணையா சொல்றேன், ஒரு வார்த்த சொல்லல.

மறுநாள் லைன்ல எல்லாருக்கும் விஷயத்த சொன்னேன். அது சொல்லித்தானே ஆகணும்? செகரட்டரி நான். ஆளு வருமா வராதான்னு தெரியாம டீம் எப்படி போடறது? சின்னப் பசங்க அவன் வீட்டு வாசல்ல நின்னுகினு ‘சீலா, சீலா’ன்னு கத்தினதுக்கு நான் பொறுப்பு இல்ல. பசங்க கத்தத்தான் செய்வாங்க. சாமியார்கிட்ட போயி டீமுக்காக ஒரு பூசை வெக்கச் சொன்னேன், அவன் பேரையும் சேத்துப் படிக்கச் சொன்னேன். டீம்ல இருக்கறவன் பேரப் படிக்கறது தப்பா? எங்க அம்மா அப்போ படுத்த படுக்கை. அவங்ககிட்ட போயி, இந்த வருஷம் கப்பு வரும்மா, சீலன் ஆடறான்னேன். அது அவங்க ஒரு சந்தோஷத்துக்காகச் சொன்னது. அவங்க அவனக் கூப்பிட்டு நெத்தியில சிலுவை போட்டாங்க.

ஆனா முடிவு அவன்தான் எடுத்தான். சனிக்கெழமை ராத்திரி பை கட்டிட்டான். பெங்களூர் போறேண்ணான்னு என்கிட்ட சொல்லி அனுப்பிச்சான். நேர்ல வரல. சரி, போயிட்டு வான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

காலையில வழி அனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். தம்பி பெரிய எடத்துக்குப் போறான், அண்ணன் போகாம இருக்க முடியுமா? டீம் பசங்களும் வந்தாங்க. எல்லாரும் மஞ்சள் ஜெர்சியில. நாங்க வாசல்ல நிக்கல, வழிய மறிக்கல. பிளாட்பாரத்துல தள்ளி, அந்த வேப்பமரம் இருக்கு பாருங்க, நீங்க ஏறினீங்களே, அதுங்கீழ நின்னோம்.

சீலன் வந்தான், பின்னால இஸபெல்லா. டிபன் கேரியர் அவ கையில, பை அவன் கையில. அவளும் கூடப் போறதா ஏற்பாடு. எங்களப் பாத்ததும் சீலன் நின்னுட்டான்.

“இன்னாண்ணா இது?”

“வழி அனுப்ப வந்தோம்டா.”

“ஜெர்சி போட்டுகினா?”

“பிராக்டிஸ் முடிச்சிட்டு நேரா வர்றோம்.”

அவன் சிரிச்சான். சிரிச்ச மாதிரி இருந்திச்சி. வண்டி வந்திச்சி. இதே வண்டிதான். கூட்டம் முண்டியடிச்சிகினு ஏறினாங்க. இஸபெல்லா மொதல்ல ஏறி ஜன்னலோரம் எடம் புடிச்சிட்டா, பக்கத்துல டிபன் கேரியர வெச்சி அவனுக்கும் எடம் போட்டுட்டா. “ஏறுங்க, ஏறுங்க”ன்னு உள்ள இருந்து கூப்பிடறா. அவன் படியில ஒரு கால வெச்சான். திரும்பி எங்களப் பாத்தான். நாங்க யாரும் வாயத் தொறக்கல சார். எங்க கோல்கீப்பர் அமல்ராஜ் மட்டும் அழுதுட்டான். அவன் எப்பவுமே அழுமூஞ்சி.

வண்டி நகந்திச்சி. சீலன் கால எடுத்துட்டான்.

வண்டி போயிடுச்சி, அவ ஜன்னல்ல கைய நீட்டிகினே போறா. பசங்க ஓடி வந்து அவனத் தோள்ல தூக்கிட்டாங்க. அங்க ஒரே கூத்து. நாங்க அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! புருஷன் கீழ, பொண்டாட்டி வண்டியில, டிபனும் அவகூட போயிடுச்சி. அடுத்த ஸ்டேஷன் சாம்பியன்ல அவ எறங்கி, ரயில் ரோட்டு மேலயே நடந்து வந்தா. நாங்க டீக்கடையில இருந்தோம். பசங்க இன்னும் அவனத் தோள்லருந்து எறக்கல. புள்ளத்தாச்சி, வேர்த்து ஊத்துது, செருப்பு ஒண்ணு அறுந்து கையில புடிச்சிகினு வர்றா. நான் எழுந்து, “வாம்மா, உக்காரு, டீ குடி”ன்னேன். டிபன் கேரியர அவன் காலடியில வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

அன்னையிலருந்து அவ என்கிட்ட பேசல சார். ஃபுட்பால் தெரியாத வீட்டுலருந்து வந்தவ. அவங்க ஊரு குடியாத்தம் பக்கம். அவளச் சொல்லிக் குத்தமில்ல.

இருங்க, டீ வருது. ரெண்டு குடுப்பா. வெச்சிக்கங்க சார், பரவால்ல.

ஃபைனல் சொல்றேன். சாயங்காலம் மேட்டு மேல சனம் அப்படியே அப்பிகினு இருந்திச்சி. பெங்களூர் போன ஆளுங்க கூட திரும்பி வந்துட்டாங்க. எங்களுக்குப் பதினோரு ஆளு தேறல. சென்டர் ஹாஃப் ஆடறவனுக்கு டூட்டி மாத்த முடியல. அதனால நானே ஷூ போட்டேன். நாப்பத நெருங்கறேன் அப்ப, மூச்சு வாங்குது, ஆனா பந்து கால்ல பட்டா கால் சொல்றத கேக்கும்.

மொத பாதியில யுனைடெட்காரன் ஒரு கோலு போட்டுட்டான். தலையால. அது கோலுதான், நான் ஒத்துக்கறேன். நான் அழுகுணி ஆட்டக்காரன் இல்ல.

ரெண்டாவது பாதி பூரா நாங்கதான் ஆடினோம். சீலன் ஓடிகினே இருந்தான். ஆனா ஒண்ணு சார், அவன் அன்னைக்குப் பேசவே இல்ல. எப்பவும் பந்து கேப்பான், ‘அண்ணா, அண்ணா’ன்னு கத்துவான். அன்னைக்கு ஊமை மாதிரி ஆடினான். ஆட்டம் முடியப் போகுது. பந்து நடு மைதானத்துல என் கால்ல வருது. சீலன் இடது ஓரத்துல கெளம்பிட்டான், கை தூக்கிட்டான். நான் பாக்கறேன். அவசரப்படல. இந்தப் பந்து தப்பாப் போகக்கூடாது, அவன் கால்ல பூ மாதிரி போய் விழணும். அளவெடுத்தேன். எடுத்து அடிச்சேன். அப்படியே வளைஞ்சி போயி அவன் முன்னால விழுந்திச்சி. நான் வாழ்க்கையில குடுத்த பாஸுலயே அதுதான் பாஸு! சீலன் ஒரே ஒதை. வலை கிழிஞ்சிடும்னு பாத்தேன்.

மேடு எழுந்து நின்னிச்சி. சத்தம் கேட்டா, அப்பா செத்த அன்னைக்கு பூமி ஆடிச்சே, அது மாதிரி.

பாத்தா கோட்டோரம் லைன்ஸ்மேன் கொடி தூக்கிகினு நிக்கறான்.

ஆஃப்சைடாம். பந்து என் கால விட்டுக் கெளம்பற நேரத்துல, சீலனுக்கு முன்னால கீப்பரத் தவிர எதிர் டீம் ஆளு இன்னொருத்தனாவது இருக்கணும், இல்லியாம். யாரு சொல்றது? ரத்தினசாமின்னு ஒரு டிரில் மாஸ்டர். கண்ணாடி போட்டவன் சார்! தூசியில எனக்கே எதிர்ல இருக்கறவன் தெரியல, அவனுக்குத் தெரிஞ்சிச்சாம்.

நான் ஓடிப்போய் அவன் சட்டையப் புடிச்சேன். கண்ணாடி விழுந்திச்சி. மிதிச்சது நான் இல்ல, யாரோ. கூட்டம் மைதானத்துல எறங்கிடுச்சி. ஆட்டம் அப்படியே முடிஞ்சி போச்சி. கப்பு அவனுங்களுக்கு, எங்க டீமுக்கு ரெண்டு வருஷம் தடை. தடை முடியறதுக்குள்ள டீமே இல்ல, அத விடுங்க.

இவ்வளவு கலாட்டாவுல சீலன் இன்னா பண்ணான் தெரியுமா? கோலுக்குள்ள போயி அந்தப் பந்த எடுத்தான். எடுத்துகினு வந்து நடு மைதானத்துல வெச்சான். அது மேல உக்காந்து ஷூவக் கழட்டினான். யாரையும் பாக்கல. வெறுங்காலோட வீட்டுக்கு நடந்து போயிட்டான். அதுக்கப்புறம் அவன் மைதானத்துல கால் வெச்சதே இல்ல.

திங்கக்கெழமை அந்த ஃபேக்டரிக்குப் போனானாம். கேட்லயே சொல்லிட்டாங்களாம், ஆளு எடுத்தாச்சின்னு. நான் கூட வரேன்னேன். வேணாண்ணான்னுட்டான்.

அப்புறம் இன்னா, எல்லாரும் மாதிரி இந்த வண்டிதான். ஒரு துணிக்கடை குடோன்ல மூட்டை தூக்கினான், அப்புறம் வாட்ச்மேன். நானும் வாட்ச்மேன். ஒரே வண்டியிலதான் போவோம், வருவோம். நான் இந்தப் பொட்டியில ஏறுவேன், அவன் கடைசிப் பொட்டி. அங்க காத்து நல்லா வருமாம். பொண்ணு பொறந்திச்சி, பெனிட்டான்னு பேரு வெச்சான். நல்லாப் படிச்சிச்சி. கிறிஸ்துமஸ்னா எங்க வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், எங்க அம்மா போட்டோவுக்கு முன்னால நிப்பான், போயிடுவான். சண்டை கெடையாது சார் எங்களுக்குள்ள. ஒரு நாளு சண்டை போட்டதில்ல.

நான்தான் விடல. அசோசியேஷனுக்கு மனு குடுத்துகினே இருந்தேன். அந்த ஆட்டத்த திரும்ப விசாரிக்கணும், கோலுன்னு ஏத்துக்கணும். ஆளு மாறுவாங்க, நான் புது ஆள்கிட்ட மறுபடி போவேன். சாட்சிக்கு சீலன் வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன். “விடுண்ணா”ம்பான். அவ்வளவுதான் சொல்லுவான். நான் அவனுக்காகத்தானே அலையறேன்? அவன் அடிச்ச கோலு சார் அது! அவன் பேருல எழுதப்பட வேண்டிய கோலு. என் வீட்டுக்காரி, உனக்கு வேற வேலையே இல்லியான்னு கேட்டுட்டு மககூட ஓசூர் போயிட்டா. வா வான்னு அங்கருந்து கூப்பிடறா. லைன விட்டுட்டு எப்படிப் போறது?

போன வருஷம் மழைக்காலத்துல சீலனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. படி ஏற முடியல. டாக்டர் படத்த வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டு, மைன்ஸ்ல வேலை செஞ்சிருக்கியான்னு கேட்டாராம். நெஞ்சு பூரா கல்லுத் தூசி. நான் அவனை விட எத்தனையோ வருஷம் அதிகமா கீழ இருந்தவன், எனக்கு ஒண்ணுமில்ல. அவனுக்கு வந்திச்சி. அப்படி ஓடின நெஞ்சு சார். பெனிட்டா நர்ஸு வேலையில சேந்திருந்திச்சி, பெங்களூர்ல ஆஸ்பத்திரியில சேத்து அதுதான் பாத்துகிச்சி.

நான் டூட்டி முடிச்சி தெனம் போவேன். இஸபெல்லா என்னப் பாத்ததும் எழுந்து வராண்டாவுக்குப் போயிடுவா. ஒரு நாளு அவனுக்கு ஆக்ஸிஜன் குழாயக் கொஞ்ச நேரம் எடுத்திருந்தாங்க. நல்லா இருந்தான், மொகத்துல ஒரு தெளிவு. நான் பழையபடி பேச்சுக் குடுத்தேன். அசோசியேஷன்ல புதுசா ஒரு இளவட்டம் வந்திருக்கான்டா, நம்ம கேஸக் கேக்கறேன்னான், நீ எழுந்ததும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்னேன்.

அவன் என் கையப் புடிச்சான். ரொம்ப நாளைக்கு அப்புறம் புடிச்சான்.

“அண்ணா, அது ஆஃப்சைடுதாண்ணா.”

“இன்னாடா சொல்ற?”

“நான் சரியான நேரத்துலதான் ஓடினேன். நீ பந்த விடல.”

எனக்கு வந்திச்சி பாருங்க ஒரு கோவம். “நான் எப்படா விடல? அளவு பாத்து அடிச்சேன்டா, உன் கால்ல வந்து விழுந்திச்சா இல்லியா? உனக்கு இன்னா தெரியும், நீ முன்னால ஓடிகினு இருந்த!” கத்திட்டேன் போல. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் பாத்தாங்க. நர்ஸம்மா வந்து, பெரியவரே வெளிய போங்கன்னுட்டாங்க. கீழ வந்து டீ குடிச்சேன். அப்புறம் யோசிச்சேன், மூச்சு சரியாப் போகலன்னா மூளைக்கு ரத்தம் போகாது, ஆளு இன்னா பேசறோம்னு தெரியாம பேசுவாங்க. சரி, நாளைக்கு நிதானமா எடுத்துச் சொல்லிக்கலாம்னு வண்டிக்கு வந்துட்டேன்.

விடியறதுக்குள்ள போயிட்டான்.

லைனுக்குத்தான் கொண்டாந்தோம். சவப்பெட்டியத் தூக்க ஆளு பத்தல சார். பாதி வீடு பூட்டிக் கெடக்கு, மீதிப் பேரு டூட்டிக்குப் போயாச்சி. அமல்ராஜ் லீவு போட்டு வந்தான், அவனுக்கு முட்டிவலி. எங்களத் தோக்கடிச்ச யுனைடெட்காரனுங்க ரெண்டு பேரு கேள்விப்பட்டு வந்து தோள் குடுத்தானுங்க. நான் பீரோலருந்து மஞ்சள் ஜெர்சி எடுத்தாந்து பெட்டி மேல போத்தினேன். இஸபெல்லா வந்தா. அத எடுத்து, மடிச்சி, என் கையில குடுத்தா. துக்கத்துல இருக்கறவங்க செய்யறத நாம பெருசா எடுத்துக்கக் கூடாது.

மூணாம் மாசம் அவங்க வீட்டக் காலி பண்ணிட்டாங்க. பெனிட்டா பெங்களூர்ல வீடு பாத்திடுச்சி. டெம்போ வந்திச்சி. சாமான் அதிகம் இல்ல. நான் கட்டில ஒரு பக்கம் புடிச்சி ஏத்தி விட்டேன். “பெரியப்பா, நீங்களும் ஓசூர் போயிடுங்களேன், இங்க தனியா இன்னா பண்ணப் போறீங்க?”ன்னு புள்ள கேட்டிச்சி. போறேம்மான்னேன். சும்மா சொன்னேன்.

இஸபெல்லா டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்துட்டா. டெம்போ ஸ்டார்ட் பண்ணிட்டான். அப்போ தலைய வெளிய நீட்டி என்னைக் கூப்பிட்டா. மாமான்னு கூப்பிட்டா சார். புள்ளைக்குக் கல்யாண வயசு ஆயிடுச்சி, அத்தினி வருஷம் கழிச்சி மாமான்னு கூப்பிடறா. ஓடிப்போயி நின்னேன்.

“மாமா, நீங்க மட்டும் கெட்டவரா இருந்திருந்தா, உங்கள மீறிப் போயி நாங்க எப்பவோ பொழச்சிருப்போம்.”

அவ்வளவுதான். டெம்போ போயிடுச்சி. தூசி அடங்கற வரைக்கும் அங்கயே நின்னேன்.

கேட்டீங்களா சார்? அவ வாயாலயே சொல்லிட்டா, நான் கெட்டவன் இல்லன்னு. அத்தினி வருஷமா பேசாதவ. கடைசியில புரிஞ்சிகினா பாருங்க. லைன்ல ஆளு இருந்திருந்தா நாலு பேருகிட்ட சொல்லியிருப்பேன். அதான் உங்ககிட்ட சொல்றேன்.

கே.ஆர்.புரம் வந்துடுச்சி. கால கொஞ்சம் மடக்கிக்கங்க, நான் எறங்கணும்.